மரணச் சங்கத்துக் கதிரைகள்

ஹந்தானையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பஸ். முன் ஆசனத்தில் வயதான பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் சத்தமாகச் சொன்னார்:

"நான் சாகறதுக்கு முன்னாடியே எழவு வீட்டுக்குக் குடுக்கற மரணச் சங்கத்துக் கதிரையெல்லாம் எங்க வாசலுக்கு வந்துருச்சு."

"ஐயோ, என்னக்கா சொல்றீங்க?"

"வயசானவங்க ஞாயித்துக்கெழமையில ஒண்ணா ஒக்காந்து பேசலாம்னு நாங்கதான் கேட்டு வாங்கினோம். யாருக்கும் சொல்லல. கதிரை எறங்குனதப் பாத்துட்டு மேல் லயத்து வீட்டுச் சனம் அழுதுகிட்டே ஓடியாந்துருச்சு. நான் தேத்தண்ணித் தட்டோட நிக்கிறேன்!"

"அப்பறம்?"

"கண்ணத் தொடச்சிட்டு அவங்களும் ஒக்காந்துட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் தாயம் வெளையாண்டோம்."

மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெளியே தேயிலையைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க வீட்டுக்கு, அவர் செத்த அன்னைக்கு வந்த கதிரைதான் கடைசி. அதுக்குப் பொறகு ஒருத்தரும் வந்து ஒக்காரல."

"வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லவா?"

பஸ் நின்றது. மற்றவர் குடையோடு எழுந்து, படியருகே போய்த் திரும்பினார்.

"இருக்கற கதிரை அத்தனையும் அனுப்புங்கக்கா. எதுக்குன்னு அக்கம்பக்கத்துல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."