மீன் பெட்டியில் வைத்த பேரிங்குகள்

பெயர்: அந்தனி சர்மிளா. வயது: 27. தொழில்: கொழுந்து பறித்தல். முகவரி: கீழ் டிவிஷன், தெபலகந்தை தோட்டம், ஓப்பநாயக்க. எழுதுபவர்: சார்ஜன்ட் காமில். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழிலேயே சொல்ல விரும்புகிறேன்.

மூடிக்கிடக்கும் மாணிக்கக் குழியை அனுமதியில்லாமல் தோண்டினேன் என்றும், கிடைத்த கல்லை மீன் வியாபாரி றிஸ்மியிடம் ஒளித்துவைத்தேன் என்றும் தோட்டத்தைக் காவல் பார்க்கும் வாச்சர் இருளப்பன் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது சுத்தப் பொய். நான் மோட்டார் சைக்கிளின் முன் சில்லுக்கு, அதாவது முன் சக்கரத்துக்கு, பேரிங் மாற்றிக்கொண்டிருந்தேன்.

மேற்படி மோட்டார் சைக்கிள் என் கணவர் அமல்ராஜின் பெயரில் உள்ள பழைய ஹொண்டா. அவர் கொழும்பில் வேலை செய்கிறார். நாளைக் காலை இரத்தினபுரியில் எனக்கு லைசன்ஸுக்கு ஓட்டிக்காட்டும் ட்ரயல். அதில் பாஸானால், ஓப்பநாயக்கவில் பார்சல் கடை வைத்திருக்கும் அபீபா அக்கா, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகும் வேலையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இப்படியிருக்க, முன் சில்லு ஓடும்போது அரிசி அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடவும் செய்தது. கணவருக்குப் போன் எடுத்தபோது அவர், "நீ தொடாத, நான் நத்தாருக்கு வந்து பாக்குறேன்" என்றார். ட்ரயல்காரர்கள் டிசம்பரில் வரும் நத்தார்வரை எனக்காகக் காத்திருப்பார்களா என்று எனக்குக் கோபம் வந்தது.

அதன்பின் நேற்று டவுனுக்குப் போய் புதிய பேரிங் இரண்டு வாங்கினேன். பேரிங்கை நன்றாகக் குளிரவைத்து, சில்லின் ஹப் என்கிற நடுப்பகுதியைச் சூடாக்கினால் இலேசாக இறங்கும் என்றும், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வரும் குழாயை மறந்துவிட வேண்டாம் என்றும் கடைக்காரர் சொன்னார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஃப்ரிஜ் இருப்பது ஒரே வீட்டில், அது வாச்சர் இருளப்பனின் வீடு. அங்கே வைத்தால் நான் வீடு திரும்பும் முன்பே கணவருக்குச் செய்தி போய்விடும். ஆகவே இன்று காலை மீன் கொண்டுவந்த றிஸ்மி நானாவிடம், பொலிதீனில் கட்டித் துணியில் சுற்றிக் கொடுத்து, "ஐஸுக்குள்ள வைங்க நானா, யாருக்கும் காட்டிறாதீங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் துணிப் பொட்டலம் ஒன்று இப்படிக் கைமாறினால் பார்க்கிறவருக்கு மாணிக்கம் தவிர வேறொன்றும் தோன்றாது. இதெல்லாம் தெரிந்தும் அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. வாச்சர் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார்.

அதன்பின் சில்லைக் கழற்றி, லயத்துக்குப் பின்னால் பழைய மாணிக்கக் குழிக்குப் பக்கத்திலுள்ள சீமெந்துத் தரைக்குக் கொண்டுபோனேன். தட்டுவதற்கு உறுதியான இடம் அது ஒன்றுதான். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, பழைய பேரிங் இரண்டையும் வெளியே எடுத்தேன். முதலாவது கழன்று விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். அதன்பின் நடுக்குழாயை மண்ணெண்ணெய் ஊற்றிய பேசினில் போட்டுக் கழுவினேன். நான் மாணிக்கம் தேடி மண் அலசினேன் என்று வாச்சர் சொல்வது இதைத்தான்.

அதன்பின் கொதிநீரில் நனைத்த துணியை ஹப்பின் மேல் சுற்றிவிட்டு, மேல் லயத்தில் வியாபாரம் முடித்து இறங்கிவந்த றிஸ்மி நானாவிடம் ஓடிப்போய்ப் பொட்டலத்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தேன். அங்கே பொலிஸ் ஜீப் நின்றது. வாச்சர், "அவ கையப் பாருங்க சேர், சேத்தக்கூடக் கழுவல" என்றார். பொட்டலத்தைத் திறக்கும்படி சார்ஜன்ட் காமில் சொன்னபோது நான், "இப்பத் தொறந்தா சூடாகிரும் சேர், கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னது உண்மை. அது தப்பாகப் பட்டிருக்கும். ஆனால் ஹப் ஆறிக்கொண்டிருந்தது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. சார்ஜன்ட் கையை நீட்டுவதற்குள் ஒரு பேரிங்கை எடுத்து ஹப்பில் வைத்து, பழைய பேரிங்கை அதன்மேல் வைத்து நாலு தட்டுத் தட்டினேன். நேராக இறங்கி உட்கார்ந்தது. நான் கை தட்டிச் சிரித்தேன். பொலிஸாரை அவமதிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அதன்பின் என்னையும் றிஸ்மி நானாவையும் மீன் பெட்டியையும் சில்லையும் அதன் அச்சையும் இங்கே நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியில் ஐஸும் சாளை மீனும் தவிர ஒன்றுமில்லை என்று தெரிந்தது. மாணிக்கக் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் மோட்டார் சைக்கிள் என் பெயரில் இல்லாதபடியால், கணவர் சம்மதித்தால்தான் சில்லைத் தரமுடியும் என்றார்கள். மாணிக்கம் எடுத்தாய் என்றபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

போன் பேசுவதற்கு முன் மீதி வேலையை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டேன். இரண்டாவது பேரிங்கைத் திரும்ப ஐஸில் வைத்தோம். நிலையத்துக் கேத்தலில் சுடுதண்ணீர் வாங்கி ஹப்பைச் சூடாக்கினேன். எங்களோடு வந்திருந்த வாச்சர் இருளப்பனே, "நான் புடிச்சிக்கிறேன், நீ தட்டும்மா" என்று சில்லைப் பிடித்தார். நடுக்குழாயை மறக்காமல் வைத்துப் பேரிங்கை இறக்கினேன்.

அதன்பின் கணவருக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர், "தொடாதன்னு சொன்னேன்ல. அவ என்னத்தக் கெடுத்து வச்சிருக்காளோ, ஒண்ணும் குடுக்காதீங்க சேர்" என்றார். சில்லுக்குள் விட்ட அச்சின் ஒரு முனையைச் சார்ஜன்ட்டும் மறுமுனையை வாச்சரும் பிடிக்க, றிஸ்மி நானா போனைச் சில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோக, நான் பலமாகச் சுற்றிவிட்டேன்.

கணவர், "ஒண்ணுமே கேக்கலையே சேர், சில்லு சுத்துதா?" என்றார்.

"சுத்திட்டுத்தான் இருக்குது" என்றார் சார்ஜன்ட்.

சில்லு நிற்கவில்லை. அதன்பின் கணவர், "அப்ப அவகிட்டயே குடுத்துருங்க. நாளைக்கு ஹெல்மெட்ட மறந்துறாமப் போகச் சொல்லுங்க" என்றார். நான் அழுதேன். அதையும் எழுதலாம்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தவை, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சில்லைப் பெற்றுக்கொண்டேன். தாளின் ஓரத்தில் பதிந்திருக்கும் கறுப்பு விரல் அடையாளம் என்னுடையது. அது கிரீஸ், சேறு அல்ல.

(ஒப்பம்) அ. சர்மிளா