பக்கத்து வீட்டில் ஒரு கொலைகாரர்

நான் கொஞ்சம் சுத்தம் பார்ப்பவள். தையல் வேலை நடக்கும் வீட்டில் நூல் துணுக்கு கிடப்பது சகஜம் என்பார்கள். என் வீட்டில் கிடக்காது. இப்போதுகூட உங்கள் மேசைத் தூசி கண்ணை உறுத்துகிறது. இருக்கட்டும், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அன்றே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தொழில் கூட்டாளியைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போய்த் திரும்பியவர். எதிர்வீட்டு வாத்தியார் வாசல் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கினார். புதிதாக வந்தவர் வீட்டுக்குள் பந்து விழுந்தால் பிள்ளைகள் பந்தையே மறந்தார்கள். 'கத்தி' என்று பேரும் வைத்தாயிற்று. மனிதரோ யார் எதிரே வந்தாலும் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்.

எனக்குப் பயம் வரவில்லை. யோசனைதான் வந்தது. இனி இந்தத் தெருவில் என்ன நடந்தாலும் வேறு ஆளை யாரும் தேட மாட்டார்கள்.

என் நாத்தனாரைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பார், அவ்வளவுதான். நான் தைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் கீழே வைப்பார். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்கா சுபாவம் அப்படி, பெரிதுபடுத்தாதே என்றார். நானும் பெரிதுபடுத்தவில்லை. சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது.

அன்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து, நான் போட்டிருந்த சட்டையை எடுத்து உதறித் திருப்பிப் போட்டார். கைப்பிடிச் சுவர் அங்கே முழங்கால் உயரம்தான். முதுகில் கை வைத்தேன். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. பிறகு கீழே போய், அலற வேண்டிய அளவுக்கு அலறினேன்.

அந்த நேரம் 'கத்தி' தன் மாடியில் நின்றதைப் பார்த்ததாக வாத்தியார் தானாகவே சொன்னார். இரண்டு மாடிக்கும் நடுவே ஒரு தாண்டு தாண்டும் தூரம்தான். நான் யார் பேரையும் சொல்லவில்லை; அடுத்தவர் மேல் பழி போடும் பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள், சாட்சியம் போதவில்லை என்று விட்டுவிட்டீர்கள்.

வந்தவர் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாராம்.

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என் பேச்சை யாரு நம்புவாங்கக்கா?" குரல் எழும்பவே இல்லை. "நான் செஞ்சப்போ ரெண்டு கையும் நடுங்கிச்சு. இன்னும் நிக்கல. நீங்க அந்தச் சட்டையை மறுபடி சரியாப் போட்டு, சுருக்கத்தை நீவி விட்டுட்டுல்ல கீழ இறங்கினீங்க."

"சுருக்கம் இருந்துச்சு."

அவர் இரண்டடி பின்னால் போனார். மறுநாள் அவர் வாசலிலும் இரண்டாவது பூட்டு தொங்கியது. அதற்கடுத்த நாள் சாமான் கட்டத் தொடங்கினார்.

அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இல்லாவிட்டால் தெரு வேறு ஆளைத் தேடும். பக்கத்து வீட்டில் நல்லபடியாக இருந்தவரைச் சும்மா அனுப்பவும் மனசு வரவில்லை. அண்ணி மிச்சம் வைத்துப்போன தூக்க மாத்திரைகளைப் பொடித்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நல்லாத் தூங்கி வருஷக்கணக்காச்சுக்கா" என்றார், என் முகத்தையே பார்த்தபடி. குடிக்கவில்லை. டம்ளரோடு வாசலில் இறங்கி, செருப்புகூடப் போடாமல் நடந்தார். தெரு திரும்பியதும் ஓடினார் என்று நினைக்கிறேன். வாத்தியார் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பாவம், அவரைப் பார்த்துத்தான்.

அந்த டம்ளர் உங்களிடம் வந்து சேர்ந்த கதை உங்களுக்கே தெரியும். அண்ணியைத் தள்ளியது நான்தான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த டீயைக் கொலை முயற்சி என்று எழுதாதீர்கள். மனிதர் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் கொடுத்தேன். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், அந்தத் தெருவில் அவரிடம் அக்கறையாக நடந்துகொண்டது நான் ஒருத்திதான்.