அப்பா தொடக் கூடாது

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். என் மருமகன் எழிலரசன் செத்துக் காரியமும் முடிந்துவிட்டது. விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். மடுகரை மாதிரி ஊருக்கு அதற்குமேல் யோசித்தால் உங்களுக்கும் தலை வலிக்கும்.

திருபுவனைக் கம்பெனியில் வேலை போனதும் அவன் என் வீட்டோடு வந்து சேர்ந்தான். கூடவே ஒரு பெட்டியும் வந்தது. கரும்புக் கொல்லையில் நாலு இடத்தில் சென்சார் ஊன்றினான். மண் காய்ந்தால் அவை பெட்டிக்குச் சொல்லும். பெட்டி என் வீட்டு வைஃபை வழியாக எங்கேயோ கேட்டுக்கொண்டு, மோட்டாரைத் தானே போடும், தானே நிறுத்தும். காலால் மிதித்தாலே எனக்கு மண் தெரியும். அதற்கு எந்த நாட்டுக் கம்ப்யூட்டரையோ கேட்க வேண்டுமாம். சரி, வைத்துக்கொள் என்று விட்டேன்.

ஒருநாள் பெட்டியில் தூசி துடைத்தேன். வயர் கழன்றுவிட்டது. கரும்பு வெட்ட வந்த ஆட்களுக்கு எதிரிலேயே சிரித்தான்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு மாமா இதெல்லாம்? போன்ல பச்ச பட்டன் எது, செவப்பு பட்டன் எதுன்னே தெரியாது உங்களுக்கு."

ஆட்களும் சிரித்தார்கள். என் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். சாயங்காலம் என் மகள் செல்வகுமாரி, 'அப்பா தொடக் கூடாது' என்று காகிதத்தில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினாள். அவள் மகனுக்கு எட்டு வயது, ஓயாமல் எதையாவது நோண்டுகிறவன். அவன் பெயரை எழுதவில்லை.

வயிறு எரிந்தது, மறைப்பானேன்? யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் போனில் பெட்டியின் பெயர் வரும். வைஃபையைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டு போட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் முடிந்தது. இதற்கா இத்தனை அலட்டல்? அவர்கள் கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, இருந்த இணைப்பை எடுத்துவிட்டு நானே மறுபடி இணைத்தும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் மோடம் மாற்றினார்கள். பாஸ்வேர்டு மாறியதில் பெட்டிக்கு நெட் போய்விட்டது. கொல்லை காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து மோட்டாரின் பெல்ட்டும் கழன்றது. முதலில் பெல்ட்டை மாட்டிவிட்டு அப்புறம் நெட்டைப் பார்ப்பதாகச் சொல்லி எழிலரசன் மோட்டார் கொட்டகைக்குக் கிளம்பினான்.

"மோட்டாரு ஃபீஸ் கட்டையப் புடுங்கிட்டுக் கைய வைங்க மாப்ள," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"நெட்டே இல்ல, மோட்டாரு எப்பிடி மாமா ஓடும்? நீங்க போயி டிவி பாருங்க."

ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல நான் என்ன அவன் வைத்த ஆளா?

பெட்டி வீட்டின் பின்சுவரில் இருக்கிறது. அங்கே நின்றால் கொட்டகை நன்றாகத் தெரியும். குனிந்து இரண்டு கையாலும் பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். கழுத்தில் துண்டு தொங்கியது. நான் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பாஸ்வேர்டில் ஓர் எழுத்து தவறிவிட்டது. நிதானமாகத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடியது. அவன் ஒரு தடவைதான் கத்தினான். பிறகு நான் போய் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கினேன்.

நெட்டை யார் இணைத்தது என்று நீங்கள் விசாரித்தீர்கள். செல்வகுமாரி அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்கப்பாவா? அவருக்கு அதெல்லாம் இன்னா சார் தெரியும்? தானா வந்துருக்கும்."

நீங்களும் தலையாட்டினீர்கள். என்னைப் பார்த்துப் பாவம் என்று சிரிக்கவும் செய்தீர்கள்.

அவள் தாலி போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் காரியத்துக்கு வந்த சனமெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொன்னது. அப்பனைப் பறிகொடுத்த பேரன்கூட, "தாத்தாவுக்குப் போனே பாக்கத் தெரியாது" என்றான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் காகிதம் இன்னும் அங்கேயே ஒட்டியிருக்கிறது.

தானாக எதுவும் வராது, இன்ஸ்பெக்டர். இணைத்தது சிங்காரவேலு என்று எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். செல்வகுமாரியையும் கூப்பிடுங்கள். அவள் கண்ணெதிரிலேயே இணைத்துக் காட்டுகிறேன்.