காயவிடக் கூடாத எண்ணெய்

வால்நட் எண்ணெயை அடுப்பில் வைக்கவே கூடாது, ருமைசா. சாதம், தோசை, வெள்ளரிக்காய் எதன் மேலும் பச்சையாகவே ஊற்றிச் சாப்பிடலாம். தலைக்குத் தேய்க்கலாம், முகத்தில் தடவலாம், கதவுக்குப் பூசித் துடைத்தால் மரம் புதுசு மாதிரி ஆகிவிடும். காய்ந்தால்தான் வம்பு. புகை கிளம்பும், கசப்பேறும், சட்டியைக் கழுவி வைத்தாலும் அந்த வாடை போகாது. இவ்வளவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது உன் அத்தாதான். தனக்குத் தெரிந்ததை ஒளிக்கத் தெரியாத மனுஷர்.

நேற்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வேணி டீச்சரைப் பார்த்தேன் என்றாய். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாய். காலையிலிருந்து தட்டையும் தள்ளி வைத்திருக்கிறாய். வயிற்றுப்பிள்ளைக்காரி பட்டினி கிடக்கக் கூடாதும்மா. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், நீ சாப்பிட்டுக்கொண்டே கேள்.

உன் அத்தா சபுராளியாக, பிழைப்புத் தேடி ஷார்ஜா போனபோது உனக்குப் பல்கூட முளைக்கவில்லை. அங்கே ஒரு பருப்புக் கடையில் வேலை. பாதாம், பிஸ்தா, அக்ரூட் என்கிற வால்நட் என்று எடை போட்டே அவர் தாடி நரைத்தது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். லப்பைக்குடிக்காட்டில் பாதிப் பேருக்கு அதுதான் குடித்தனம். பெட்டி பிரிப்போம், பிரியாணி போடுவோம், திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து அழுதுகொண்டே போய் ஏற்றிவிட்டு வருவோம். மற்றபடி எல்லாம் போன்தான். போனில் அவரைப் போல ஒரு புருஷன் எந்தப் பொம்பளைக்கும் அமைந்திருக்க மாட்டார். சாப்பிட்டியா என்பார். ஒடம்பப் பாத்துக்க என்பார். இந்த வீட்டைக் கட்டினேன், ஸ்கூட்டர் பழகினேன், கரண்ட் ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன், மாப்பிள்ளை பார்த்து உன்னைக் கட்டிக்கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும் புள்ள."

போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டார். நீ சந்தோஷத்தில் அழுதாய். பேரப்பிள்ளை பிறந்தால் அதன் காதில் அத்தாதான் பாங்கு சொல்ல வேண்டும் என்று அப்போதே சொல்லி வைத்தாய். நானும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரம் என் அடுப்படி அலமாரியைத் திறந்தார். கடையில் அடுக்குவது போல உயரவாரியாக டப்பாக்களை அடுக்கிவிட்டு, "எல்லா டப்பாவும் மொகங்காட்டி நிக்கணும் நஃபீசா" என்றார். உப்பைத் தேடி நான் அரை நாள் அலைந்தேன். வாசலில் செருப்பைப் போட்டால் "எங்க போற?" திரும்பி வந்தால் "ஏன் இவ்ளோ நேரம்?" போனில் இருந்தவர் இந்த ஆள் இல்லை, ருமைசா. இவர் குரட்டை விடுகிறார். ஃபேனை ஒன்றில் வைக்கிறார். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

அதோடு, பெட்டியில் அவர் கொண்டுவந்த அந்த வால்நட் எண்ணெய். மீன் குழம்பில் மேலாக ஒரு கரண்டி ஊற்றுவார். இட்லிப் பொடிக்கும் அதுதான், மூட்டுக்கும் அதுதான். கட்டில் கிறீச்சிட்டதென்று அதன் காலுக்கும் ஊற்றினார். பூனைக்கு முடி கொட்டுகிறதென்று தடவப் போனவர் கையில் பிராண்டல் வாங்கிக்கொண்டார். பூனை பிழைத்துக்கொண்டது. ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சத்தமில்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்து, உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துவிட்டார். "இத்தன வருஷம் ஒனக்கு ஒண்ணுமே செஞ்சதில்லையே புள்ள" என்றார். கீரையெல்லாம் எண்ணெய். மூணு தண்ணீரில் அலசிப் போட்டேன். எனக்குப் பொறுமை அதிகம், அது உனக்கே தெரியும்.

பெரம்பலூரில் கடை வைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம்தானே வருவார். ஆனால் மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வரும்வரை கல்லாவில் நான் உட்கார வேண்டும் என்றார். வேறு யாரையும் நம்ப முடியாதாம். சரி என்றேன். புருஷன் தொழிலுக்குத் தோள் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா.

காஷ்மீரிலிருந்து வால்நட் பருப்பு வந்தது, சின்னதாக ஒரு மெஷின் வந்தது, கண் முன்னாலேயே ஆட்டிக் கொடுத்தார். வெளிநாட்டில் இருந்தவர் ஆட்டுகிற எண்ணெய் என்று டவுனே வந்து பார்த்தது. ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு பாடம் நடத்துவார். "சூடு மட்டும் பண்ணிராதீங்க. அப்புறம் என்னைய வையக் கூடாது." வியாபாரம் சூடு பிடித்தது. அடுத்தது அரியலூரில் ஒரு கிளை என்றார். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒன்னோடவே இருந்து ஒம்மடியிலயே மவுத்தாயிரணும் நஃபீசா" என்றார். அவருக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. வால்நட் எண்ணெய் இதயத்துக்கு ரொம்ப நல்லதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் மதியம் ஒரு அம்மா வந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இத எப்புடி பாயம்மா பொழங்குறது?" என்று கேட்டது. கேட்டவருக்கு நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

"மத்த எண்ணெய் மாரிதாங்க. நல்லா பொகைய காயவுட்டுப் பொரிங்க."

அந்த அம்மா சந்தோஷமாகப் போனது. மதியத்தில் வந்த எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால்தானே தப்பு. அடுப்புப் பக்கத்திலேயே வையுங்கள், வெயில் பட்டால் இன்னும் வாசமாக இருக்கும் என்றும் சொன்னேன். அப்படி வைத்தால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுச் சிக்குவாடை அடித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஒரு மாதத்தில் பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. "என்னா பாய், வடை வேப்பங்கா மாரி கசக்குது" என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர் ஒவ்வொரு பாட்டிலையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். பருப்பில் கோளாறு என்று மூட்டையை மாற்றினார். மெஷினைக் கழற்றிக் கழுவினார். பிறகு 'சூடாக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்து ஒட்டினார். அதைக் காட்டிக் கேட்டவர்களிடம், "அது சும்மா, கவர்மெண்டு ரூலுக்காக ஒட்டுறதுங்க" என்றேன். கவர்மெண்டு என்றால் நம் ஜனங்களுக்கு எதையும் நம்பத் தோன்றும்.

வேணி டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மகள் மஞ்சுவை உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்கிற வீட்டில் கொடுத்திருந்தார். முதல் ஆடிக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். சம்பந்தி வீட்டில் அசந்து போகிற மாதிரி உசத்தி எண்ணெயில் பலகாரம் சுட வேண்டும் என்று என்னைத்தான் கேட்டார். முறுக்குக்கு இதை அடித்துக்கொள்ள வேறு எண்ணெய் இல்லை என்றேன். "புகை வருதே பாயம்மா, பரவால்லயா?" என்று நடுவில் போன் போட்டுக்கூடக் கேட்டார். புகைந்தால்தான் மொறுமொறுப்பு வரும் என்று தைரியம் சொன்னேன்.

ஊரைக் கூட்டிச் சீர்த்தட்டைப் பிரித்து, மாமியார் முதல் முறுக்கைக் கடித்தாராம். வாழ வந்த பொண்ணு வீட்டிலிருந்து கசப்பு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரே ரகளை. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த மஞ்சுவை, ஆடி கழிந்தும் அழைத்துப் போக அங்கிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பெண் அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் அத்தாவுக்கு அது தாங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு உடையார்பாளையம் போனார். அந்த வீட்டு வாசலில் நின்று, "தப்பு டீச்சர் மேல இல்லைங்க. நான்தான் சரியா சொல்லித் தரல. பொண்ண அழைச்சுக்கங்க" என்று கைகூப்பினார். மிச்சமிருந்த முறுக்கை அவர்கள் எடுத்து நீட்ட, ஒன்றை முழுசாகத் தின்று காட்டினார். அப்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

மஞ்சுவை அழைத்துக்கொண்டார்கள். கடையைத்தான் மூட வேண்டியதாயிற்று. பழைய முதலாளிக்கு அவரே போன் பண்ணினார், விசா வந்தது. ஏர்போர்ட்டில் உன் தலையில் கைவைத்து துஆ செய்துவிட்டு, "பாங்கு சொல்ல நசீபு இல்லம்மா" என்று தேம்பினார். நீயும் தேம்பினாய். அதற்கு ஏன் அழ வேண்டும். போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பிள்ளையின் காதுப் பக்கம் வைத்தால் ஆயிற்று.

ஆமாம், ருமைசா. நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். கடையைக் கெடுத்ததும் நான், உன் அத்தாவை விமானம் ஏற்றியதும் நான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்காதே, சாப்பிடு.

இதை நான் மறைத்திருக்கலாம். வேணி டீச்சருக்குக் காது சரியில்லை என்று சொன்னால் நீ நம்பியிருப்பாய். சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று உன் அத்தா போன் பண்ணினார். ரூம் எடுத்துவிட்டாராம், எனக்கும் ஃபேமிலி விசா போட்டுவிட்டாராம். "கஷ்டத்துல கல்லாவுல எங்கூட ஒக்காந்த ஒரே ஆளு நீதான் புள்ள. இனிமே ஒன்னைய விட்டுட்டு இருக்க மாட்டேன்" என்றார். ஒரே ரூமாம். அடுப்படியும் அதற்குள்ளேயே இருக்கிறதாம்.

நீதான் அவரிடம் பேச வேண்டும். பிரசவம், அதற்குப் பிறகு பிள்ளை வளர்ப்பு, அம்மா இல்லாமல் முடியாது என்று சொல். கொஞ்சம் அழுதால் நல்லது. இதில் எனக்கென்று ஒன்றும் இல்லை. அவரை நினைத்துத்தான் சொல்கிறேன். இங்கே இருந்துகொண்டு இத்தனை வருஷம் அவரை நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நானும் அங்கே போய்விட்டால், அந்த மனுஷரைப் பார்த்துக்கொள்ள யாரம்மா இருக்கிறார்கள்?