முன் அனுபவம்: சலவைக்கடை

— "முன் அனுபவம், ஒன்பது வருஷம்"னு எழுதியிருக்கீங்களேம்மா. எந்த ஆஸ்பத்திரியில?

— ஆஸ்பத்திரி இல்ல சார். சலவைக்கடை.

— நீங்க விண்ணப்பிச்சிருக்கிறது பாராமெடிக் பட்டப்படிப்புக்கு. ஆம்புலன்ஸ்ல போய் ஆளைக் காப்பாத்துற படிப்பு. தெரியுமில்ல?

— தெரியும் சார். துணி வெளுக்கப் பட்டம் தர்றதா நானும் எங்கயும் கேள்விப்படல.

— தம்பி, நீங்க சிரிக்கக் கூடாது. நீங்க மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க. அம்மா, இவர் ஆம்புலன்ஸ் நிலையத்துல இருந்து தேர்வுக்குழுவுக்கு வந்திருக்கார். இருபது வருஷம் வண்டியில ஓடினவர். நான் துறைத் தலைவர். எங்க ரெண்டு பேருக்கும் திருப்தின்னாதான் இடம். உங்க வயசு நாப்பத்தொண்ணு. வெளியில உங்களுக்கு அடுத்து காத்திருக்கிற பொண்ணுக்குப் பதினெட்டு.

— பேசிட்டுத்தான் சார் உள்ள வந்தேன். பாவம், உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போயிருக்கு. தண்ணி குடிக்க வச்சேன்.

— விதிப்படி வயசு ஒரு தடையில்ல. ஆனா உடம்பு தாங்கணும்.

— அதை நான் சொல்றேன் புரொபசர். நேத்து உடல்திறன் தேர்வுல எழுபது கிலோ பொம்மையை மூணு மாடி இறக்கணும், ரெண்டு ரெண்டு பேரா. இவங்களோட ஜோடி போட்ட பையன் ரெண்டாவது மாடியிலயே உட்கார்ந்துட்டான். இவங்க பொம்மையைக் கீழ கொண்டுவந்து சேர்த்துட்டு, திரும்ப ஏறிப் போய் அவனையும் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க.

— நனைஞ்ச கம்பளியைத் தோள்ல போட்டு மொட்டை மாடிக்கு ஏத்துறவ அண்ணா நான். பொம்மை சொட்டாது. அதுவே பெரிய நிம்மதி.

— சரி, குறிச்சுக்கறேன். ஆனா அனுபவம்ங்கிற கட்டத்துல சலவைக்கடையைக் குறிக்க முடியாதும்மா.

— துணியைச் சொல்லல சார், கடையில இருக்கிற போனைச் சொல்றேன். அதோட நம்பரும் ஆம்புலன்ஸ் நிலையத்து நம்பரும் ஒண்ணு. கடைசி எண் மட்டும்தான் வேற. எங்களுக்கு எட்டு, அவங்களுக்கு மூணு. வாரத்துக்கு நாலஞ்சு பேராவது ஆம்புலன்ஸ்னு நினைச்சு எனக்குப் போடுவாங்க.

— ராங் நம்பர்னு சொல்லி வச்சிட வேண்டியதுதானே?

— முதல்ல அப்படித்தான் சார் செஞ்சேன். கடை எடுத்து ரெண்டாவது மாசம். ஒருத்தர் போட்டு, "சீக்கிரம் வாங்க, அப்பாவுக்கு மூச்சு வரல"ன்னாரு. ராங் நம்பர்னு வச்சிட்டேன். மறுபடியும் அவரே. மறுபடியும் வச்சேன். மூணாவது தடவை எனக்குக் கோபம் வந்துடுச்சு. கையில ஒரு பட்டுச் சட்டை, மைக்கறை போகவே மாட்டேங்குது, அந்தக் கடுப்பு வேற. பார்த்துப் போடத் தெரியாதான்னு கத்திட்டேன்.

— நாலாவது தடவை?

— நாலாவது தடவை மணி அடிக்கல சார்.

— நான் எதுவும் குறிக்கல. நீங்க சொல்லுங்க.

— அன்னிக்குப் பூரா ஸ்டூலைப் போட்டு போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சரியான நம்பர் கிடைச்சுதா, இல்ல இனிமே யாரையும் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு ஆயிடுச்சா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் யாரு கூப்பிட்டாலும் நானா போனை வச்சதில்ல. அவங்களை லைன்ல நிறுத்திட்டு, கைப்பேசியில நானே நிலையத்தைக் கூப்பிட்டு விலாசம் சொல்லிடுவேன்.

— கொஞ்சம் இருங்க. எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, ஸ்ட்ரெச்சர் திரும்புமா, நாய் இருக்கா, எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் தெருப்பேரையே சொல்லுவாங்களே... அந்த லாண்டரி அக்காவா நீங்க?

— எதைச் சொன்னாலும் "ம், ம்"னு மட்டும் சொல்ற குரல் உங்களுதாண்ணா?

— ம்.

— என்ன தம்பி இது? ஏற்கெனவே பழக்கம்னா விதிப்படி நீங்க இந்த நேர்காணல்லயே உட்காரக் கூடாதே.

— முகமே இன்னிக்குத்தான் பார்க்கிறேன் புரொபசர். குரல் பழக்கத்துக்கு விதியில எதுவும் இல்ல. மத்தவங்க போன் பண்ணா "அந்தப் பெரிய மரத்துக்கிட்ட வந்துடுங்க"ம்பாங்க. எந்த மரம்னு கேட்டா அழுவாங்க. இவங்க சொல்லி நாங்க போனா, நேரா கட்டில் பக்கத்துலயே போய் நிக்கலாம்.

— விலாசம் சொல்றது தபால்காரர் வேலை. இங்க சிகிச்சை வேணும்.

— வண்டி வந்து சேர்ற வரைக்கும் லைன்ல இருக்கிறவரை அம்போன்னு விட முடியுமா சார்? ஆரம்பத்துல "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டிருந்தேன். அதைச் சொன்னா இன்னும் ஜாஸ்தியாத்தான் பயப்படுறாங்க. ஆம்புலன்ஸ் போர்வையெல்லாம் வெளுக்க எங்க கடைக்குத்தான் வரும். கொண்டு வர்ற டிரைவரை ஒரு மூட்டைக்கு ஒரு கேள்வின்னு பிடிச்சுக்குவேன். அப்புறம் முதலுதவி வகுப்பு ரெண்டுக்குப் போனேன். சான்றிதழ் பின்னாடி வச்சிருக்கேன்.

— பார்த்தேன். சரி, வலிப்பு.

— சாவியை எடுத்துக் கையில திணிக்க ஓடுவாங்க, ஓட விடமாட்டேன். பக்கத்துல இருக்கிற நாற்காலி, மேசையை நகர்த்தச் சொல்லுவேன். வாயில எதையும் வைக்காதே, இறுக்கிப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பாரு. நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வை.

— தீக்காயம்.

— குழாய்த் தண்ணி, இருபது நிமிஷம். பற்பசை கூடாது. பற்பசை அப்பின போர்வை எனக்குத்தான் வரும், அந்தக் கஷ்டம் தனி.

— மூச்சும் இல்ல, நாடியும் இல்ல.

— நாடியைத் தேடச் சொல்லவே மாட்டேன் சார். அந்த நேரத்துல அவங்களுக்கு அவங்க நாடியே கிடைக்காது. எழுப்பினா எழுந்துக்கல, மூச்சும் சரியில்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கு, அவ்வளவுதான். வேகம் புரியணும்ல, இஸ்திரி மேசையில நான் தட்டுவேன். நிமிஷத்துக்கு நூத்துப் பத்து. மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன சத்தம்னு கேட்டுட்டுப் போவாரு.

— அந்தத் தட்டுல ரெண்டு பேர் பிழைச்சிருக்காங்க புரொபசர். ரெண்டு தடவையும் நான் வண்டியில இருந்தேன்.

— ஒருத்தரோட சட்டை எங்க கடைக்குத்தான் சார் வருது. விலா எலும்பு ரெண்டு போச்சுன்னு இன்னும் குறை சொல்லிட்டுத்தான் சட்டையை வாங்கிட்டுப் போறாரு.

— இதுல சலவை வியாபாரம் எப்படிம்மா நடந்துச்சு?

— அதுதான் சார் சிக்கல். போன வாரம் ஒரு வாடிக்கைக்காரர் கூப்பிட்டு, "என் கோட்டு என்ன ஆச்சு"ன்னாரு. நான் இருந்த பரபரப்புல, "மூச்சு இருக்கா"ன்னுட்டேன்.

— தம்பி, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிங்க. அம்மா, ஒண்ணு கேக்கறேன். இதையெல்லாம் போன்லயே செய்றீங்க. அப்புறம் மூணு வருஷப் படிப்பு எதுக்கு? உடற்கூறு, மருந்தியல், ஆஸ்பத்திரிப் பயிற்சி, எல்லாம் எழுதித் தேறணும். எங்க பசங்களே முக்கி முனகித்தான் கரையேறுறாங்க.

— வண்டி வந்ததும் போனை வச்சிடுவாங்க சார். அது தப்பில்ல, அந்த நேரத்துல என் நினைப்பா இருக்கும்? ஆனா பிறகு என்ன ஆச்சுன்னு, அந்தச் சட்டைக்காரர் மாதிரி யாராவது வந்து சொன்னாத்தான் எனக்குத் தெரியும். கதவு திறக்கிற சத்தம் கேக்கும், நாலு கால் ஓடுற சத்தம் கேக்கும், டக்குனு லைன் போயிடும். நான் ரிசீவரைக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன். ஒன்பது வருஷமா கதையோட பாதியிலேயே எழுப்பி விட்டுடுறாங்க. ஒரு தடவையாவது அந்தக் கதவுக்கு உள்ள போகணும் சார்.

— எனக்குப் போதும் புரொபசர். என் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.

— அவசரப்படாதீங்க. இவங்க வகுப்புக்கு வந்துட்டா அந்தப் போனை யாரு எடுப்பாங்க?

— எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் சார். விலாசமெல்லாம் பிசகாம வாங்குறாரு. ரத்தம்னு சொன்னாதான், "ஒரு நிமிஷம்"னுட்டு அவரே தரையில உட்கார்ந்துடுறாரு.

— ஜனங்களைச் சொல்லணும். ஒரு நம்பரைப் பார்த்து ஒழுங்கா அமுக்கத் தெரியல.

— எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளா உண்டு புரொபசர். எட்டும் மூணும் போன்ல பக்கத்துப் பக்கத்துல கூட இல்ல. இத்தனை பேரும் எப்படி ஒரே எண்ணைத் தப்பா அமுக்குவாங்க?

— அவங்க தப்பா அமுக்கலண்ணா. பார்த்துத்தான் அமுக்குறாங்க. இதோ, இந்த அட்டையைப் பார்த்து. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சட்டைப் பையில கிடைச்சுது. துணியோட சேர்த்து மெஷின்ல போட்டுட்டேன். நல்ல லேமினேஷன், ஒரு எழுத்து போகல.

— இது... வீட்டுக்கு வீடு எங்க துறையில இருந்து குடுத்த முதலுதவி அட்டையாச்சே. பத்து வருஷமா ஒவ்வொரு வருஷமும் அச்சாகுது.

— கீழ இருக்கிற நம்பரோட கடைசி எண்ணைக் கொஞ்சம் படிங்க சார்.

— எட்டு.

— அதுக்கும் கீழ இருக்கிற கையெழுத்து யாருதுன்னு நான் கேக்க மாட்டேன்.

— என்னுதுதான். இது தெரிஞ்சும் ரெண்டு வருஷமா சும்மாவா இருந்தீங்க? ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமேம்மா.

— மூணு கடிதம் எழுதினேன் சார். மூணாவதுக்குப் பதில் வந்துச்சு.

— என்னன்னு வந்துச்சு?

— "விதிப்படி இந்த அட்டையில திருத்தம் சொல்ல பாராமெடிக் பட்டம் பெற்றவங்களுக்கு மட்டுமே தகுதி உண்டு"ன்னு நீங்கதான் சார் எழுதியிருந்தீங்க. சரி, படிச்சிட்டே வந்து சொல்லிடலாம்னுதான் விண்ணப்பம் போட்டேன்.