எடை மெஷின் புறக்கணிப்பு

...கருங்காலிங்க! வேற என்ன பேரு வைக்கிறது? அஞ்சு பேரு. எண்ணி அஞ்சே அஞ்சு பேரு. அஞ்சும் கருங்காலி!

அட, உக்காருங்க தோழர். ஏன் நிக்கறீங்க? இந்த பெஞ்சுல இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கறதால அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கும். பயப்படாதீங்க, ரெண்டு பேரும் உக்காந்தா சமமாயிடும். ஆங்... பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் ஒத்துமை.

புது ஆளா? அட்டை புதுசா இருக்கே. செவ்வாய்க்கிழமை எடைக் கூட்டத்துக்குத்தானே? அந்தக் கதவுக்கு உள்ளதான் மெஷின் இருக்கு. ஒவ்வொருத்தரா நம்பர் சொல்லிக் கூப்பிடுவாங்க. என் நம்பர் முப்பத்தொண்ணு. உங்களுது? முப்பத்திரெண்டா! அப்ப நேரம் இருக்கு. நான் யாரையும் சார்னு கூப்பிடறதில்ல தோழர், தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்தெட்டு வருஷம் பிஸ்கட் ஃபேக்டரியில அடுப்புப் பக்கம் நின்னவன். அதுல பத்தொம்பது வருஷம் சங்கச் செயலாளர். மூணு மேனேஜரை மாத்தியிருக்கேன். ஒருத்தன் என் குரலைக் கேட்டாலே காத்தாடியை வேகமா வைக்கச் சொல்லுவான்.

இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கோங்க. பிஸ்கட்தான். உடைஞ்சது. வேணாமா? சரி. ...ம்ம்... இது சும்மா பிஸ்கட் இல்ல, அந்தக் கதை அப்புறம்.

நான் எதுக்கு வர்றேன்னா கேட்டீங்க? ஆங், முட்டி. வலது முட்டி. உள்ள ஒண்ணுமே இல்லையாம், எலும்பும் எலும்பும் உரசுதாம். முட்டி டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "ஒன்பது கிலோ இறக்கிட்டு வாங்க, கத்தி வைக்கறேன். இறக்கலேன்னா உங்க பேரு பட்டியல்ல அடிக்குப் போயிடும்." அடின்னா இன்னும் ஒரு வருஷம். நாலு மாசம் தவணை குடுத்தாரு. அந்தத் தவணைக்கு இன்னிக்குத்தான் கடைசி செவ்வாய். இன்னிக்கு மெஷின் சொல்ற நம்பர்தான் அவர் மேஜைக்குப் போகும்.

எங்க வீட்டுல படுக்கற ரூம் மாடியில தோழர். பதினாலு படி. ஏழு மாசமா நான் கீழ சோஃபாவுல கிடக்கறேன். சோஃபா என் தோள் வரைக்கும்தான் வரும், காலுக்கு ஒரு நாற்காலி. மேல என் கட்டில், என் தலகாணி, என் வீட்டம்மா. அவ மேல நடக்கற சத்தம் கீழ கேக்கும். விளக்கை அணைக்கற சத்தம்கூடக் கேக்கும். முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டில்ல சண்டை போட்டவங்க, இப்ப ஒரு சண்டை போடணும்னாகூட படிக்கட்டுக்குக் கீழ நின்னு கத்த வேண்டியிருக்கு. சரி, அதை விடுங்க.

உள்ள, என்ன சாப்பிடணும்னு சொல்ற சத்துணவு அம்மா ஒருத்தங்க இருக்காங்க, பாப்பீங்க. நல்ல பொண்ணுதான், சம்பளத்துக்கு வேலை பாக்கற ஜீவன், குத்தம் சொல்லல. முதல் நாளே என்ன சொன்னாங்க? "ஐயா, இதைத் தனியா பண்ணாதீங்க. கூட நாலு பேரைச் சேத்துக்கோங்க. ஒருத்தர் சோந்தா இன்னொருத்தர் தூக்கி விடணும்." அடி ஆத்தாடி! இதைத்தானே இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரி வாசல்ல தொண்டை கிழியக் கத்தினேன்? மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றாங்க! அன்னிக்கு சாயந்தரமே சங்கம் தொடங்கிட்டேன்.

யாரு யாரு? நம்ம தெரு டெய்லர். தன் இடுப்புக்கே டேப் பத்தாதவன். ஒரு பஸ் டிரைவர், ஸ்டியரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல காத்து போகாது. கணக்கு டீச்சரம்மா, ரிட்டயர்டு. என் மச்சான், வீட்டம்மாவோட தம்பி, படுத்தா எழ மாட்டான், எழுந்தா சாப்பிடாம படுக்க மாட்டான். நாலாச்சா? அஞ்சாவது ஆளை அப்புறம் சொல்றேன். அந்தப் பேரைச் சொன்னா ரத்தம் கொதிக்கும். ...ம்ம்... இது நல்லா முறுகலா இருக்கு, எடுக்கலாமே? வேணாமா. சரி.

முதல் கூட்டம் எங்க வீட்டு முன்ரூம்ல. பேரு வச்சோம்: எடைக் குறைப்போர் ஐக்கிய முன்னணி. எட்டுப் பக்கத்துக்கு நானே பிரசுரம் எழுதினேன், 'கொழுப்பு யாருடைய லாபம்?' டீச்சரம்மா என்ன கேக்கறாங்க? "காலையில ஆறு மணிக்கு எல்லாரும் சேந்து நடக்கலாமா?" நான் சொன்னேன், அம்மா, முதல்ல அமைப்பு, அப்புறம்தான் நடை. விதி வேணும், பொறுப்பாளர் வேணும், இத்தனை பேர் வந்தாத்தான் கூட்டம்னு ஒரு கோரம் வேணும். நாலு கூட்டம் போட்டோம். ஒவ்வொண்ணும் ரெண்டரை மணி நேரம். நடக்கறதைப் பத்தி உக்காந்தே பேசினோம். என்ன சிரிக்கறீங்க? அஸ்திவாரம் போடாம கட்டடம் எழும்புமா?

மூணாவது வாரம் டெய்லர் ஒரு காரியம் பண்ணான். ஒரே வாரத்துல ஒண்ணே முக்கால் கிலோ இறக்கிட்டான்! அந்தம்மா அட்டையில ஒரு நட்சத்திரம் ஒட்டினாங்க. நட்சத்திரம்! ஒட்டிட்டுக் கைதட்டினாங்க, மத்தவங்களும் தட்டினாங்க. நான் அப்பவே எழுந்து நின்னு சொன்னேன், மேலேர்ந்து கைதட்டல் வந்தா தொழிலாளி தன் பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்கணும்னு.

ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச கதை தோழர். எங்க அடுப்புப் பக்கம் ஒருத்தன் இருந்தான், சூராதி சூரன். எல்லாரும் அறுபது தட்டு இறக்கினா அவன் எழுபத்தஞ்சு இறக்குவான். மேனேஜர் தோள்ல தட்டிக் குடுத்தாரு. அடுத்த மாசம் நோட்டீஸ் போர்டுல என்ன? எல்லாருக்கும் எழுபத்தஞ்சு! ஒருத்தன் வேகம் ஊருக்கே வேலை. அதனால தீர்மானம் போட்டேன்: வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல யாரும் இறக்கக் கூடாது. இறக்கினா கண்டனம். டெய்லரை நிக்க வச்சுக் கண்டிச்சேன். கண்ணுல தண்ணி வந்திருச்சு அவனுக்கு. "தலைவரே, பத்து வருஷம் கழிச்சு என் பழைய சட்டையில பட்டன் போட முடிஞ்சுது, அதுக்கா கண்டனம்?"னான். கொள்கைன்னு வந்துட்டா கண்ணீரெல்லாம் பாக்க முடியுமா?

ம்ம்... நல்லாத்தான் இருக்கு. நீங்க எடுக்கவே மாட்டேங்கறீங்க.

சரி, இந்த டப்பா கதையைச் சொல்லிடறேன். எங்க ஃபேக்டரியில உடையற பிஸ்கட்டை முன்னாடியெல்லாம் பன்னிப் பண்ணைக்கு வித்துட்டிருந்தாங்க. செஞ்சவன் வாயில வைக்கக் கூடாது, பன்னி வைக்கலாம்! பதினொரு நாள் தோழர். மழையில, கேட்டுக்கு முன்னாடி, தார்ப்பாய்க்குக் கீழ. பன்னெண்டாவது நாள் கையெழுத்து போட்டாங்க: ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாசம் ரெண்டு கிலோ உடைஞ்ச பிஸ்கட், ரிட்டயர் ஆனாலும் சாகற வரைக்கும். என் வாழ்க்கையில நான் ஜெயிச்ச பெரிய போராட்டம் இதுதான். அன்னிக்குக் கூட உக்காந்தவங்கள்ல பாதிப் பேரு செத்துட்டாங்க, அந்த ஃபேக்டரியில இப்ப பாதி மெஷினே வேலை பாக்குது, ஆனா மாசம் பொறந்தா டப்பா வீட்டுக்கு வந்துரும். அந்தச் சத்துணவு அம்மா, "ஐயா, பிஸ்கட்டை மட்டும் நிறுத்துங்க"ன்னாங்க. எப்படி நிறுத்தறது? நான் திங்கறது பிஸ்கட்டா? ஒப்பந்தம்! திங்காம விட்டா நாளைக்கே, 'இவங்களுக்கு வேணாம் போல'ன்னு நிறுத்திடுவான். உரிமைங்கறது உபயோகிக்கலேன்னா துருப்பிடிச்சிடும்.

ம்ம்... ம்ம்...

இருபத்தாறா? யாரோ இருபத்தாறு போறாங்க. நமக்கு நேரமிருக்கு.

இப்ப துரோகத்துக்கு வர்றேன். அந்த மெஷின் பொய் சொல்லுது. அரை கிலோ கூடக் காட்டுது. எப்படித் தெரியும்னா... தெரியும். நான் மனு குடுத்தேன். "போன வாரம்தான் சரி பாத்தோம் ஐயா"ன்னாங்க. நிர்வாகம் வேற என்ன சொல்லும்? அவசரக் கூட்டம் கூட்டினேன். ஏழாவது தீர்மானம்: மெஷினை மாத்தற வரைக்கும் ஒருத்தரும் அது மேல காலை வைக்கக் கூடாது. முழுப் புறக்கணிப்பு! அஞ்சு பேரும் கையெழுத்து போட்டாங்க. தாள் இன்னும் என்கிட்ட இருக்கு.

அடுத்த செவ்வாய், இதே பெஞ்சுல நான் உக்காந்திருக்கேன். கண்ணு முன்னாடி, டிரைவர் செருப்பைக் கழட்டி வச்சுட்டு உள்ள போறான். பின்னாடியே டெய்லர். டீச்சரம்மா என்னைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போறாங்க. என் மச்சான்... வீட்டுல அரை நாள் எழ மாட்டானே, அன்னிக்கு ஓடறான்! கடைசியா அஞ்சாவது ஆளு.

யாருன்னு கேக்க மாட்டீங்களா? என் வீட்டம்மா, தோழர். முப்பத்தாறு வருஷம் என் பின்னாடி கொடி பிடிச்சவ. மழையில பதினொரு நாளும் தார்ப்பாய்க்கு டீ கொண்டு வந்தவ. அவளுக்குக் குறைக்கவே ஒண்ணும் பெருசா இல்ல. "உங்களுக்குத் துணையாத்தான் சேர்றேன்"னு சொல்லிச் சேந்தா. செருப்பைக் கழட்டி, என் செருப்புக்குப் பக்கத்துல வச்சுட்டு, உள்ள போயிட்டா.

இப்ப தினமும் காலையில ஆறு மணிக்கு அஞ்சு பேரும் இந்தக் கட்டடத்தைச் சுத்தி நடக்கறாங்க. தீர்மானம் இல்ல, கோரம் இல்ல, ஒண்ணும் இல்ல. யாராவது நின்னா மத்தவங்க நிக்கறாங்களாம். அவ்வளவுதான் விதியாம்! டிரைவர் எட்டு கிலோ. டீச்சரம்மா ஆறு. வீட்டம்மா கிளம்பறப்போ என் சோஃபாவைத் தட்டுவா, "என்னங்க, ஒரு சுத்து. பாதி சுத்து. கேட் வரைக்கும்." நான் போர்வையை இழுத்துக்குவேன். ஒரு நாள் சொன்னா, "மேல வர்றதுக்கு உங்களுக்குத் தீர்மானம்தான் வேணும்னா நானே எழுதித் தர்றேன், நானே கையும் தூக்கறேன்"னு. குசும்பைப் பாத்தீங்களா? என்கிட்ட கத்துக்கிட்ட வாய்!

என்ன கேட்டீங்க? ...புறக்கணிப்புக்கு முந்தின வாரமா? மெஷின் எனக்கு என்ன காட்டிச்சுன்னா?

அது... அது எதுக்கு இப்ப. அது கொள்கைப் பிரச்சனை தோழர், தனி மனுசன் நம்பரைப் பத்தி...

ரெண்டு கிலோ. ஏறியிருந்துச்சு. இறங்கல, ஏறியிருந்துச்சு. உள்ள போயி எல்லாரும் இறங்கியிருக்காங்க, நான் மட்டும் ஏறியிருக்கேன். தலைவன்! அந்தம்மா மெதுவாத்தான் எழுதினாங்க. அன்னிக்கு சாயந்தரம்தான் எனக்கு அந்த மெஷின்... சந்தேகம் வந்துச்சு.

ஆமா. ஆமா, சரி. அப்படிப் பாக்காதீங்க. கருங்காலி யாருன்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு பேரையும் இறங்க விடாம நான்தான் படிக்கட்டை மறிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இருபத்தெட்டு வருஷம் முதலாளியை எதிர்த்துப் பழகினவனுக்கு, எதிர்க்க ஆளே இல்லாதப்போ என்ன பண்றதுன்னு தெரியலியே! பிஸ்கட்டைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்... இந்தாங்க, நீங்களும் ஒரு... ஒரு...

டப்பா காலியா?

நீங்க ஒண்ணுகூட எடுக்கல இல்ல? ஒண்ணுகூட? காலையில முழு டப்பா தோழர் இது! மாச டப்பா!

முப்பத்தொண்ணா? ...என்னைத்தான் கூப்பிடறாங்க. அட, நீங்க எங்க எழுந்திட்டீங்க? உங்களுது முப்பத்திரெண்டாச்சே. ஏன் அங்க வந்து நிக்கற என் பழைய கும்பல்கிட்ட போறீங்க? டெய்லரே, அந்த ஆளைக் கூப்பிட்டு இடம் குடுக்கறியா? போறாரு பாரு... நான் ஒரு மணி நேரம் பேசி வராதவரு, அவன் தலையை ஆட்டினதும் போயிட்டாரு! அவரு எழுந்தவுடனே பெஞ்சு என் பக்கம் சாஞ்சிருச்சு.

முப்பத்தொண்ணு வர்றேன்மா, வர்றேன். முட்டி எழ நேரமாகுது.

...யாரு? நீயா. நீ அவங்களோட போகலியா? கையை எதுக்கு நீட்டறே? நான் ஒண்ணும் சரணடையல, தெரிஞ்சுக்கோ. பேச்சுவார்த்தைக்கு வர்றேன். ...ஏறித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். பேரு அடிக்குப் போகும், இன்னும் ஒரு வருஷம் சோஃபா. போகட்டும். இருக்கறதை எழுதிக்கட்டும். ஏழாவது தீர்மானம் வாபஸ். நீ கை தூக்கு, ரெண்டு ஓட்டு போதும்.

டப்பாவா? குடுக்கறேன், இந்தா. தூக்கிப் போட்றாதே! அது பதினொரு நாள். இனிமே வர்றதையெல்லாம் நம்ம ரூம்ல, என் கட்டில்கிட்ட வை. பதினாலு படிக்கு மேல. விட்டுக்குடுக்கல, புரியுதா? வேணுங்கறவன் ஏறி வந்து தின்னட்டும்.

...மெதுவா நட. நான் நின்னா நீயும் நிக்கணும். அதுதானே விதி?