குரல் கொடுக்காத கரை

நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி விற்பவனுக்குத் தன் கண்ணுக்கென்று ஏதாவது வேண்டும், சார். எனக்கு அது ஆறு. விடியும் நேரத்தில் தண்ணீர்மேல் மூடுபனி படுத்திருக்கும். பாறைமேல் கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வருஷக்கணக்கில் எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும், "நல்லாருக்கு, ஆனா வெறிச்சுனு இருக்கே" என்றார்கள்.

மச்சினன்தான் வழி சொன்னான். என் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன், வாயாடி. அவன் வீட்டுக்கு வந்தால் அவள் சிரிப்பது தெருமுனைவரை கேட்கும். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

"நான் படகுல குறுக்கே போறேன் மாமா. உங்க படத்துக்கு ஒரு ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சு. கூலியெல்லாம் வேணாம், அக்கா கையால ஒரு காப்பி போதும்."

கொஞ்சம் கீழே தடுப்பணை இருக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். உயரத்தில் நிற்கும் எனக்கு அவன் நிழலாகவாவது தெரிவான். தண்ணீரில் இருப்பவனுக்குத் துடுப்பின் நுனிகூடத் தெரியாது. அவன் கூப்பிட்டால் நான் குரல் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவான்.

அன்றைக்குப் பனி நன்றாக அமைந்தது. "மாமா, குரல் குடுங்க" என்றான். கொடுத்தால் படகு என் பக்கம் திரும்பிவிடும், படம் கெட்டுப்போகும். ஒன்று எடுத்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். எடுத்தேன். நினைத்ததைவிட நன்றாக வந்தது.

"விளையாடாதீங்க மாமா. தண்ணி இழுக்குது."

நான் விளையாடுகிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பிறகு "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். படம்தான் எடுத்தாயிற்றே, அப்புறமாவது கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடைக்கவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

அணைக்குக் கீழே அவனை எடுத்தார்கள். எதுவும் காதில் விழவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள். தம்பியின் கடைசிப் படம் என்று அவள் அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அதன் முன்னால் நிற்கிறாள்.

நேற்று கேட்டாள்: "கைய வாய்கிட்ட வெச்சிருக்கானே, யாரையோ கூப்பிடுறானா?"

"கொட்டாவி விடுறான்" என்றேன்.

"தூங்குமூஞ்சி" என்று சொல்லிப் படத்தைத் தடவிக் கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

வேண்டுமென்றேதான் போகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொட்டாவியை மட்டும் அவளிடம் மாற்றிச் சொல்லாதீர்கள். எனக்காக அரைத்தூக்கத்தில் எழுந்து வந்தவன் அவன். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது, சார்.